மாலை மாட்டிய கொக்கி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வருகிறவர்கள் எல்லாரும் எண்ணெய் தேய்ப்பார்கள். அருவிக்குப் போகும் வழிநெடுக ஆண்கள் பலகையில் குப்புறக் கிடக்க, முதுகில் எண்ணெய் வழியும். நானும் எண்ணெய்தான் தேய்க்கிறேன், ஆனால் இரும்புக்கு. "எம்பொண்டாட்டி இரும்புக்கு மசாஜ் பண்ணப் போயிருக்கா" என்று என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அவர் போலீஸ்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் இருப்பது அந்த ஒரு நகைச்சுவைதான்.

வேலையைப் பற்றி யார் கேட்டாலும் வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பதைத்தான் சொல்லுவேன், சட்டென்று புரியும். நம் காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்புவோம். இரும்பு முழுசாக இருந்தால் ஒலி மறுகோடி வரை போய் முட்டித் திரும்பும். நடுவில் விரிசல் இருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு முன்னதாகவே வந்துவிடும். திரையில் ஒரு கோடு ஓடும், திரும்பி வந்த ஒலி அதில் முள்ளாக எழுந்து நிற்கும். கருவியின் முனைக்கும் இரும்புக்கும் நடுவே துளி காற்று நின்றாலும் ஒலி உள்ளே இறங்காது. அதற்காகத்தான் எண்ணெய்.

கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் கரண்ட் எடுக்கும் காற்றாடிகளின் போல்ட்டுகளையும் தண்டுகளையும் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. இந்த வேலையில் நல்ல பேர் கிடைக்காது. ஒன்றும் இல்லை என்று சொன்னால், "அதான் எங்களுக்கே தெரியுமே" என்பார்கள். விரிசல் இருக்கிறது என்றால் நானே ராத்திரி வந்து உளி வைத்துப் பிளந்துவிட்டுப் போன மாதிரி பார்ப்பார்கள். பழகிப்போயிற்று. அந்நியன் முறைத்தால் எனக்கு ஒன்றுமே இல்லை, சவம் போகட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் தம்பி முறைத்ததுதான் வேறு மாதிரி இருந்தது.

தம்பி ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். வந்த கையோடு ஒரு பழைய ராட்டினத்தை வாங்கினான். திருவிழா திருவிழாவாகச் சுற்றிய ராட்டினம். சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் அதைப் பூட்டி ஓட்டுவான். மற்ற மாதங்களில் அது தென்காசியில் அவன் வீட்டுப் பின்னால் பிரித்துப் போட்டபடி கிடக்கும். அதன் மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். வண்டிச் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். அதில் பெருமையும் உண்டு. பெருமையில் நியாயமும் உண்டு, என் ஸ்கூட்டரையே தெருமுனையில் வரும்போது கேட்டு, "அக்கா, பின் சக்கரத்து பேரிங் போச்சு" என்று சொன்னவன்.

ராட்டினக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பூட்டி முடித்து, ஆட்கள் உட்காரும் பெட்டிகளை எல்லாம் மாட்டியதும், முதல் சுற்றில் சொந்தக்காரன் குடும்பம் ஏற வேண்டும். ஊரார் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் உன் வீட்டுப் பிள்ளையை ஏற்று, அவ்வளவுதான் கணக்கு. எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ஆனால் குடும்பம் ஏறாத ராட்டினத்தில் வேலையாட்கள் கை வைக்கமாட்டார்கள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் மகளும் ஒவ்வொரு சீசனிலும் அப்படித்தான் ஏறி, ஒரு சுற்று சுற்றி, கீழே வந்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுப்பார்கள்.

ராட்டினத்தைப் பார்க்கச் சொல்லி என்னைக் கேட்டது தம்பி இல்லை, அவன் பெண்டாட்டி.

"மைனி, ஊர்ல உள்ள காத்தாடியெல்லாம் பாக்குதிய, நம்ம ராட்டினத்த ஒருக்காப் பாத்தா என்ன? புள்ளைய மடியில வச்சிக்கிட்டு மொத ஆளா நான்லா ஏறுதேன்."

கேள்வி நியாயமாக இருந்தது. இத்தனை நாள் எனக்கே ஏன் தோன்றவில்லை என்று எரிச்சலாகவும் இருந்தது.

நான் போன அன்று சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. திடலில் தார்ப்பாய்க்குக் கீழே, மரக்கட்டைகளின் மேல் ராட்டினத்தின் நடு அச்சைக் கிடத்தியிருந்தார்கள். மொத்த ராட்டினமும் அதில்தான் தொங்கும், அதோடு சேர்ந்துதான் அச்சும் சுற்றும். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். மறுநாள் தூக்கிப் பூட்டுவதாகத் திட்டம், சனிக்கிழமை திறப்பு. தம்பி அச்சைத் தூக்கும் செயின் பிளாக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வா வா, ஸ்கேன் டாக்டரம்மா வந்தாச்சு" என்றான்.

மிஷின் பெட்டியைத் திறந்தால் எண்ணெய்ப் புட்டியைக் காணோம். தென்காசியில் வீட்டு மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தம்பி பெண்டாட்டி ஓடிப்போய் மசாஜ் கடையிலிருந்து ஒரு புட்டி வாங்கிவந்தாள், மூடியைத் திறந்ததும் மூலிகை வாசனை தூக்கியடித்தது. மேஸ்திரி அச்சன்புதூர்க்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் நான் அச்சின் முகப்பில் எண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டு, "எம்மா, அப்படியே அருவியில கொண்டுபோய்க் குளிப்பாட்டிட்டு வந்திருவமா?" என்று கேட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதோடு சரி.

கருவியின் முனையை வைத்ததும் மறுகோடி முள் திரையின் வலது ஓரத்தில் எழுந்தது. அது வர வேண்டியது. அதற்கு முன்னால் இன்னொரு முள்ளும் நின்றது. வரக்கூடாதது.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். துடைத்தேன், மறுபடி எண்ணெய் விட்டேன், முனையை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். முள் போகவில்லை. மறுமுனைக்குப் போய் அங்கிருந்து பார்த்தேன், அங்கேயும் ஒன்று நின்றது. இரண்டு பக்கமும் திரை காட்டிய தூரத்தைக் கூட்டினால் சரியாக அச்சின் நீளம் வந்தது. ஆக, இரண்டு பக்கத்திலிருந்தும் நான் பார்ப்பது ஒரே இடத்தை. டேப்பை முகப்பில் பிடித்து, திரை காட்டிய தூரம் வரை இழுத்துக்கொண்டே போனேன். அது போய் நின்ற இடத்தில், பெயின்டுக்கு மேலே சின்னதாக ஒரு கொக்கி இருந்தது. போன சீசனில் மாலை கட்டிய நூல் அதில் இன்னும் சுற்றிக் கிடந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எவம்லே இதுல வெல்டிங் வச்ச மூதி?" என்று கத்தினேன்.

அண்ணாச்சி தம்பியைப் பார்த்தார். தம்பி அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் எண்ணெய்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் மைனி வைக்கச் சொன்னேன்" என்றாள். "கயித்துல கட்டுன மாலை நழுவி பேரிங்குள்ள போயி நசுங்கிட்டு. மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நழுவாம நிக்கட்டும்னு ஒரு கொக்கி வைக்கச் சொன்னேன். அவுகதான் பத்த வச்சாவ."

அவளைத் திட்டியது மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் விஷயம் அதுதான். இந்த அச்சுக்குப் போடுவது கெட்டிச் சாதி இரும்பு. அதில் ஒரு பொட்டு இடத்தில் மட்டும் வெல்டிங் சூட்டை ஏற்றினால், சுற்றிலும் கிடக்கும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி, மயிரிழை விரிசல் ஒன்று விழும். பிறகு ராட்டினத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் அது திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மாட்டிய மாலைக்காக வைத்த கொக்கி அது.

"அக்கா, கோட்டித்தனமாப் பேசாத" என்றான் தம்பி. "போன சீசன் பூரா ஓடியிருக்கு. ஒரு சத்தம் உண்டா? சத்தம் வந்தா எனக்குத் தெரியாதா?"

"இது உன் காதுக்கு எட்டாத சத்தம்லே."

"காதுக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. பெறவு எதை வச்சு நம்பச் சொல்லுத?"

அதுவும் சரிதான். கிரைண்டரை எடுத்து அந்தக் கொக்கியை நீயே எடு என்றேன். எடுத்தான். பெயின்ட், சந்தனம், குங்குமம் எல்லாம் பொரிந்து பறந்து, வெறும் இரும்பு தெரிந்தது. பளபளவென்று இருந்தது, ஒன்றுமே இல்லை. "பாத்தியா" என்றான். நான் சிவப்புச் சாயத்தை அடித்துக் காத்திருந்து, நன்றாகத் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தேன். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சாயத்தை அந்த வெள்ளை வெளியே இழுக்கும். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையில் மெதுவாக, வகிட்டில் குங்குமம் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு வந்தது. கொக்கி இருந்த இடத்திலிருந்து கிளம்பி, அச்சைச் சுற்றி இரண்டு பக்கமும் வளைந்து போனது.

தம்பி பெண்டாட்டி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"மேலாப்புல ஒரு கோடு" என்றான் தம்பி. "தேச்சு எடுத்துட்டாப் போச்சு."

"மேலாப்புல இல்லலே. உள்ள போயிருக்கு."

"எம்புட்டு போயிருக்கு?"

"எங்கன இருக்குன்னு மிஷினு தெளிவாச் சொல்லும். ஆழத்த உத்தேசமாத்தான் சொல்லும்."

"உத்தேசமா!" என்று கையை விரித்தான். "உன் உத்தேசத்துக்கு நான் சீசன நிறுத்தணுமா? சனிக்கிழம திறப்புன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. புது அச்சு செஞ்சு வாரதுக்குள்ள சாரலே நின்னுரும். ஒரே வார்த்தையில சொல்லு, இந்த ஒரு சீசனு தாங்குமா, தாங்காதா?"

அங்கே ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நாளைக்கே முறிஞ்சிரும்லே என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். ஆனால் பார்த்ததற்கு மேல் சொல்லிப் பழகாத நாக்கு, வரவில்லை.

"தெரியாது" என்றேன். "தாங்குனாலும் தாங்கும்."

"கேட்டியளா அண்ணாச்சி? தாங்கும்னு அவளே சொல்லுதா. நாளைக்குத் தூக்குவோம்."

"தூக்கிப் பாரு, போலீஸக் கூப்பிடுதேனா இல்லையான்னு."

"யாரு, அத்தானையா? கூப்பிடு. வந்தா டீ வாங்கித் தாரேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தார். எனக்கு அழுகை வருகிற கோபம். உண்மையாகவே போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் தம்பி பெண்டாட்டி எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஏற மாட்டேன்" என்றாள்.

தம்பிக்குப் புரியவில்லை. "என்னட்டி?"

"நீங்க தூக்குங்க, பூட்டுங்க. மொத சுத்துக்கு நான் ஏற மாட்டேன். எம்புள்ளையையும் ஏத்த மாட்டேன்."

"ஏட்டி, ஆளுக முன்னாடி என்ன பேச்சு இது?"

"ஆளுக முன்னாடிதான் சொல்லுதேன். எல்லாருக்கும் கேக்கட்டும்."

கத்தவில்லை, அழவில்லை. ரேஷன் கடையில் இன்றைக்குச் சீனி கிடையாது என்று சொல்வது போலச் சொன்னாள். தம்பி அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் கையில் பிடித்திருந்த செயினை மெதுவாகத் தரையில் விட்டார்.

"வீட்டம்மா ஏறலைன்னா ஊராம்புள்ளைய நாங்க எப்படித் தம்பி ஏத்துவோம்?" என்றார். தார்ப்பாயை எடுத்து அச்சின் மேல் மூடினார்.

நான் மிஷினை வைத்துக்கொண்டு தொண்டை வற்றக் கத்தியும் நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சீசன் ராட்டினம் ஓடவில்லை. சாரல் வேறு வேண்டுமென்றே செய்த மாதிரி அருமையாக இருந்தது. ஐந்தருவியில் கால் வைக்க இடமில்லை என்றார்கள். ராட்டினம் நிற்கும் இடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார்கள். தம்பி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். என் வீட்டுக்கு வருவான், என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து டீ குடிப்பான், நான் கொண்டுவந்து வைத்த டீயைத்தான். குடித்துவிட்டு என்னைப் பார்க்காமலே செருப்பை மாட்டுவான். எனக்கு வலித்தது. வயதில் இளையவன் முகத்தைத் திருப்பினால் பெரியவர்களுக்கு வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் பெண்டாட்டியிடம் போனில் கேட்டால், "எங்கிட்டயும் அப்படித்தான் மைனி, சோறு வையி, தண்ணி எடு, அம்புட்டுதான்" என்பாள். பிறகு, போனை வைக்கும்போது, "கொக்கி வைக்கச் சொன்னவளே நான்தான" என்பாள்.

சாரல் ஓய்ந்து, தென்காசி லேத் பட்டறை ஒன்றில் புது அச்சு தயாரானது. அன்று தம்பி போன் செய்தான்.

"பழைய அச்ச பட்டறையில ஒடச்சுப் பாக்கப் போறேன். வாரியா?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னது தப்பு என்று அவனுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், போகும் வழியெல்லாம் எனக்கும் சந்தேகம்தான். கோடு மேலாப்பில்தான் இருந்தது என்று ஆகிவிட்டால்? ஒரு கீறலுக்காக இவன் சீசனைக் கெடுத்தவள் என்று ஆகிவிட்டால், அவன் முகத்தில் எப்படி முழிப்பது?

தம்பி பெண்டாட்டியும் வந்திருந்தாள். அச்சை அழுத்து எந்திரத்தில் வைத்து, விரிசல் கீழே இருக்கும்படி திருப்பி, பட்டறைக்காரர் நெம்புகோலை இறக்கினார். எங்களை எட்ட நிற்கச் சொன்னார்கள், பெரிய சத்தமாக வரும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். மட்டைத் தேங்காயைத் தரையில் போட்டது மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவ்வளவு பெரிய இரும்புக்கு அந்தச் சத்தம் போதாது.

உடைந்த முகத்தைத் திருப்பி வைத்தார்கள். அதில் முக்கால்வாசிக்கு மேல் காபிக் கறை நிறத்தில், தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அது பழைய முறிவு, நாங்கள் உடைக்கும் முன்பே முறிந்திருந்த இடம். மறு ஓரத்தில் மட்டும் பிறைபோல ஒரு துண்டு, கல்கண்டை உடைத்த மாதிரி மினுக்கிக்கொண்டு இருந்தது. அதுதான் இப்போது உடைந்தது. அதுதான் மிச்சம் இருந்த இரும்பு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், என் மிஷின் சொன்னது சரி என்ற சந்தோஷம். அப்புறம்தான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

தம்பி குனிந்து அந்த மினுக்கும் இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். கைக்கு அடியில் அது முழுசாக மறைந்துவிட்டது. எடுத்தான், பார்த்தான், மறுபடி வைத்தான்.

"இம்புட்டூண்டு இரும்பு மேலயா அக்கா, எம்புள்ளைய ஏத்தப் பாத்தேன்?"

பட்டறைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தம்பி அதில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றாள். அவன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவு பேர் நடுவில்.

அடுத்த சீசனில் புது அச்சைப் பூட்டுவதற்கு முன் நான் போய்ப் பார்த்தேன். அவனேதான் கூப்பிட்டான். எண்ணெய்ப் புட்டியை மறக்காமல் எடுத்துப்போனேன், ஆனாலும் அண்ணாச்சி விடவில்லை, மசாஜ் எண்ணெய்தான் ராசி என்று ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தார். இரண்டு முனையிலிருந்தும் பார்த்தேன். திரையின் வலது ஓரத்தில் மறுகோடி முள் மட்டும் நின்றது. அதற்கு முன்னால் கோடு சும்மா படுத்துக்கிடந்தது. தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திறப்பு அன்று தம்பி பெண்டாட்டி வாழையிலைப் பொட்டலத்தில் மாலையோடு வந்தாள். அண்ணாந்து அச்சைப் பார்த்தாள். புது அச்சில் பெயின்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"இத எங்கன போட, மைனி?"

"எங்கன வேணும்னாலும் போடு. அங்கன மட்டும் வேண்டாம்."

யாரும் கூப்பிடாமலே அவள்தான் முதலில் ஏறினாள், மகளைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு. தம்பி ஏறி உட்கார்ந்து, கம்பியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் கையைக் காட்ட, அண்ணாச்சி ராட்டினத்தை ஓட்டினார். நான் அச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியப்போவதில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும். பெட்டி உச்சிக்குப் போனபோது அவள் குனிந்து கையால் என்னவோ செய்துகொண்டிருந்தது தெரிந்தது. கீழே வந்ததும் பார்த்தேன், பெட்டியின் முன் கம்பியில் மாலை கட்டியிருந்தது.

"கயித்துலதான் கட்டிருக்கேன் மைனி!" என்று கத்தினாள். "வெல்டிங் இல்ல!"